மரபணுவும் விகாரமும்: மூலக்கூற்று உயிரியல் கலைச்சொற்கள் பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மூலக்கூற்று உயிரியல், கல உயிரியல் ஆகிய துறைகளின் அடிப்படைக் கருத்துகளைத் தமிழில் எளிமையாக விளக்க முற்படும் எழுத்துகள் பெருகியுள்ளன. அவற்றில் கையாளப்படும் சொற்கள் தூய தமிழா, ஒலிபெயர்ப்பா என்னும் வினாவே பெரிதும் விவாதிக்கப்படுகிறது. ஒரு சொல் தனக்கு அண்மையிலுள்ள பிற கருத்துகளிலிருந்து தன் கருத்தைப் பிரித்துக் காட்டுகிறதா என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை உயிரணு, மரபணு, படியெடுத்தல், விகாரம், கடத்தி முதலிய சொற்களை இவ்விரண்டாம் வினாவின் வழி நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், மரபணு, விகாரம், திரிபு, போலி, படியெடுத்தல், கடத்தி

முன்னுரை

தமிழில் அறிவியலை எழுதும் முயற்சி நெடிய வரலாறு உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஓர் இதழ் நடத்தினர். பின்னர்ச் சென்னையிலும் கொழும்பிலும் சொல்லாக்கக் குழுக்கள் பல இயங்கின. இம்முயற்சிகளுள் முற்பட்டவை அனைத்தும் ஒன்றில் ஒத்திருந்தன. அவை தாவரவியல், விலங்கியல், வேதியியல், உடற்கூற்றியல் ஆகியவற்றுக்குச் சொல் தேடின. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியிடப்பட்டது 1953-இல். மரபுக் குறியீடு முழுமையாக அறியப்பட்டது 1960-களின் நடுவில். ஆகவே மூலக்கூற்று உயிரியல் தமிழுக்குள் நுழைந்தபோது அதற்கான இருக்கைகள் முன்பே வேறு துறைகளுக்காகச் செய்யப்பட்டிருந்தன. புதிய கருத்துகள் பழைய இருக்கைகளில் அமர்த்தப்பட்டன. சில பொருந்தின, சில இன்றளவும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

கலம், செல், உயிரணு

1665-இல் இராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை உருப்பெருக்கியில் கண்டு, அதன் வெற்றறைகளுக்குச் சிற்றறை என்னும் பொருளுடைய சொல்லைப் பெயராக்கினார். அவர் கண்டது உயிரற்ற சுவர்களை மட்டுமே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் ‘கலம்’ என்கின்றன. கலம் என்பது கொள்கலம். உள்ளே ஒன்றைக் கொண்டிருப்பது. ஹூக்கின் சொல்லுக்கு இது நெருங்கிய உறவு. அத்துடன் கலச்சுவர், கலப்பிரிவு, கலவியல், ஒருகல உயிரி எனத் தடையின்றிக் கிளைக்கவும் செய்கிறது.

தமிழகப் பாடநூல்கள் ‘செல்’ என்னும் ஒலிபெயர்ப்பை ஏற்றன. பயிற்றுவோருக்கு இதனால் பெரும் இடையூறு இல்லை. மின்கலத்தையும் கைப்பேசியையும் குறிக்கும் சொல்லோடு மயங்கினாலும் சூழல் காத்துக்கொள்கிறது. (‘செல்’ என்பதற்குக் கறையான் என்னும் பொருளும் தமிழில் உண்டு. ‘செல்லரித்த ஏடு’ என்பதை உயிரியல் மாணவர் ஒருவர் எவ்வாறு படிப்பார் என்பது சுவடியியலாருக்கு ஒரு நகைச்சுவை.)

இதழ்களிலும் பொது நூல்களிலும் வழங்கும் மூன்றாம் சொல்லான ‘உயிரணு’வே சிக்கலின் தொடக்கம். அணு என்பது இயற்பியலிலும் வேதியியலிலும் தனிமத்தின் மிகச்சிறு கூறுக்கு உறுதிப்பட்டுவிட்ட சொல். ஓர் உயிரணுவுக்குள் அத்தகைய அணுக்கள் கோடானுகோடி உள்ளன. ‘உயிரணுவில் உள்ள அணுக்கள்’ என்று எழுத நேரும் ஆசிரியர் அடுத்த வரியிலேயே விளக்கம் சொல்லியாக வேண்டும். இதனினும் ஆழமான தீங்கு, ‘அணு’ என்னும் கூறு இவ்வாறு உயிரியலுக்குள் வந்து, தான் சேர்ந்த சொற்களில் எல்லாம் ஒரே பொருளைத் தராமற் போனது. சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு ஆகியவற்றில் அது கலத்தைக் குறிக்கிறது. மரபணுவில் குறிக்கவில்லை.

மரபணு சுமக்கும் சுமை

வில்ஹெல்ம் ஜோகான்சன் 1909-இல் ‘ஜீன்’ என்னும் சொல்லை முன்வைத்தபோது, அதன் பருப்பொருள் இயல்பு பற்றி எக்கருதுகோளையும் அதில் ஏற்ற அவர் விரும்பவில்லை. மெண்டலின் கணக்கீட்டுக்குத் தேவையான ஓர் அலகாகவே அது நின்றது. இலங்கை வழக்கிலுள்ள ‘பரம்பரையலகு’ இந்த எச்சரிக்கையைத் தன்னளவில் காக்கிறது. தமிழகப் பொதுவழக்கில் வென்ற ‘மரபணு’வோ, மரபைச் சுமக்கும் நுண்துகள் ஒன்று தனித்து உருண்டு கிடப்பதான காட்சியைத் தருகிறது. ஜீன் என்பது தனித்துகள் அன்று, நீண்ட டி.என்.ஏ. மூலக்கூறு ஒன்றின் ஒரு பகுதி. நீண்ட ஏட்டில் ஒரு பாடல் தொடங்கி முடியும் இடம் போன்றது. இலட்சக்கணக்கான அணுக்களைக் கொண்ட அப்பகுதியை அணு என்பது அளவாலும் பொருந்தாது, இயல்பாலும் பொருந்தாது.

எனினும் ஒரு சொல்லை அதன் சொற்பிறப்பைக் காட்டி மட்டும் மறுப்பது முறையாகாது. குரோமோசோம் என்னும் கிரேக்கச் சொல்லாக்கத்துக்கு நிறவுடல் என்பதே பொருள். அதற்கு நிறம் கிடையாது. சாயமேற்றிப் பார்த்தவர்களின் கண்ணில் பட்ட நிறம் 1888-இல் பெயராயிற்று. இலங்கையின் ‘நிறமூர்த்தம்’ அந்தத் தற்செயலையும் சேர்த்தே மொழிபெயர்த்தது. அதனால் எவருடைய அறிவும் குன்றிவிடவில்லை. மைட்டோகாண்டிரியாவை ‘இழைமணி’ என்றதும் கிரேக்கத்தின் நேர்ப்பெயர்ப்பே, அழகாகவும் அமைந்துவிட்டது. ‘புரதம்’ வேற்றுமொழி ஒலியின் சாயலில் தமிழ் ஈறு பெற்று வந்த சொல்; இன்று அதை ஐயுறுவார் இல்லை. ஆகவே மரபணுவின் குறை அதன் பிறப்பில் இல்லை. அது செய்ய வேண்டிய பிரிப்பைச் செய்யாமையே குறை.

‘மரபணுச் சோதனை’ என்னும் தொடரை நோக்குக. தந்தை யார் என அறியவும் குற்றவாளியை இனங்காணவும் செய்யப்படும் டி.என்.ஏ. ஒப்பீட்டை நாளிதழ்கள் இப்பெயரால் குறிக்கின்றன. 1984-இல் அலெக் ஜெஃப்ரிஸ் தொடங்கிவைத்த இம்முறை ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் வேறுபடும், திரும்பத் திரும்ப வரும் சிறு எழுத்துக்கோவைகளை ஒப்பிடுகிறது. அக்கோவைகள் பெரும்பாலும் புரதத்துக்கான செய்தியைத் தாங்காத பகுதிகளில் உள்ளவை. மனிதரிடம் 300 கோடிக்கு மேற்பட்ட டி.என்.ஏ. இணைகள் உள்ளன; புரதத்துக்கான செய்தி கொண்ட மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் புரதமாக நேரே வாசிக்கப்படும் எழுத்துகள் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. எஞ்சியதில் எங்கோ நிகழும் ஒப்பீட்டுக்கு ‘மரபணுச் சோதனை’ என்று பெயர். நோய் உண்டாக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணுவை ஆராயும் மருத்துவச் சோதனைக்கும் இதே பெயர். முன்னதில் ஒருவரின் நோய் பற்றிய செய்தி பெரும்பாலும் வெளிப்படாது. பின்னதில் வெளிப்படுவதே நோக்கம். இரண்டுக்கும் ஒப்புதல் கேட்கப்படும் ஒருவருக்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். சொல் அதைத் தெரிவிப்பதில்லை.

‘மரபணு வரிசையாக்கம்’ என்பதும் அவ்வாறே. வரிசைப்படுத்தப்படுவது மரபணு ஒன்றா, முழுத் தொகையா என்பது விளங்குவதில்லை. முழுத் தொகையைக் குறிக்க ‘மரபணுத்தொகை’ என்னும் சொல் ஆக்கப்பட்டுள்ளது, நல்ல முயற்சி. ஆயினும் மரபணு அல்லாத பகுதியே பெரும்பான்மையாக உள்ள ஒன்றை மரபணுக்களின் தொகை என்பது, நூலகத்தை அதன் தலைப்புப் பக்கங்களின் தொகை என்பதை ஒக்கும். ‘மரபுத்தொகை’ எனக் குறைத்தாலே போதும். தொகை நூல்களில் பயின்ற தமிழ் வாசகருக்கு அச்சொல் அந்நியமாகாது.

மிகுந்த கேடு ‘மரபணு மாற்றம்’ என்பதில் விளைகிறது. இயற்கையில், கலம் பிரியும்தோறும், நகலெடுக்கையில் நேரும் பிழைக்கு இது பெயர். மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்த செயற்கை வினைக்கும் இதுவே பெயர். பி.டி. பருத்தி இந்தியாவில் 2002-இல் இசைவு பெற்றது, பி.டி. கத்தரி 2010-இல் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்விவாதங்களில் ‘எல்லாப் பயிரும் மரபணு மாற்றம் அடைந்தவையே’ என்று ஒரு தரப்பும், ‘மரபணு மாற்றமே தீது’ என்று மறுதரப்பும் பேச இயன்றமைக்கு இச்சொல்லின் இருபொருளும் ஒரு காரணம். இரு கூற்றும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்கின்றன. எதிர்த்தரப்பின் கூற்று மறுக்கப்படாமலேயே மறுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது.

அண்மையில் மூன்றாவது ஒன்றும் சேர்ந்துள்ளது. அயல் மரபணு எதையும் நிலைநிறுத்தாமல், உள்ள எழுத்துகளையே குறித்த இடத்தில் வெட்டி மாற்றும் நுட்பத்தின் ஒரு முறைக்காக எமானுவேல் ஷார்ப்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா ஆகியோர் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். இந்தியாவின் விதிமுறைகள் 2022 முதல் இந்நுட்பத்தின் சில வகைகளை அயல்மரபணுப் பயிர்களிலிருந்து வேறாக நடத்துகின்றன. 2025-இல் இவ்வழியில் உருவான இரு நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. சட்டம் பிரித்த இரண்டைத் தமிழ் பிரிக்க வேண்டுமே என்று ‘மரபணுத் திருத்தம்’ என்னும் சொல் வந்துள்ளது. இங்கும் ஒரு தடை உண்டு. திருத்தம் என்பது பிழையைக் களைவது. திருத்தப்பட்டது முன்னதினும் நல்லது என்னும் தீர்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே அமர்ந்துள்ளது. ‘மாற்றம்’ ஐயத்தையும் ‘திருத்தம்’ நற்சான்றையும் முன்கூட்டியே வழங்கிவிடுகின்றன. அயல் மரபணுவைச் சேர்ப்பதை ‘மரபணு ஏற்றம்’ என்றும், இருப்பதை வெட்டி மாற்றுவதை ‘மரபெழுத்து மாற்றம்’ என்றும் கூறினால், செய்யப்படுவது இன்னதென்று மட்டும் தெரியும். தீர்ப்பை வாசகர் வழங்கலாம்.

படியெடுத்தல்

மூலக்கூற்று உயிரியலின் உருவகங்களில் பெரும்பகுதி எழுத்துத் தொழிலிலிருந்து வந்தது. இத்துறைக்குத் தமிழில் சொல் தேடுவோர்க்கு இது பெரும்பேறு. ஓலையிலிருந்து ஓலைக்கும், பின்னர் ஓலையிலிருந்து தாளுக்கும் நூல்களைப் பெயர்த்தெழுதிக் காத்த சமூகத்தின் சொற்களஞ்சியம் கையருகே உள்ளது. ‘படியெடுத்தல்’ அவ்வகையில் மிகப் பொருத்தமாக அமைந்த ஒன்று.

கலம் இரண்டாகப் பிரியுமுன் டி.என்.ஏ. முழுவதும் மற்றொரு டி.என்.ஏ.யாக எழுதப்படுகிறது, இது இரட்டித்தல். ஒரு புரதம் தேவைப்படும்போது அதற்குரிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் வேறொரு பொருளில் எழுதப்படுகிறது, இது படியெடுத்தல். அந்தப் படியை ரைபோசோம் மும்மூன்று எழுத்துகளாக வாசித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது, இது மொழிபெயர்ப்பு. முதலாவது, முழுச் சுவடியையும் ஓலைக்கு ஓலை பெயர்ப்பது. இரண்டாவது, வேண்டிய பாடலை மட்டும் தாளில் குறித்துக்கொள்வது. மூன்றாவது, அதனைப் பிறிதொரு மொழியில் தருவது. டி.என்.ஏ.யில் தைமின் நிற்குமிடத்தில் ஆர்.என்.ஏ.யில் யுராசில் நிற்பதும், ஓலையின் புள்ளியில்லா எழுத்து தாளில் புள்ளி பெறுவதை ஒத்த எழுத்து வேறுபாடு என்று விளக்க இடமுண்டு.

இவ்வளவு தெளிவான முப்பிரிவு சில எழுத்துகளில் குழம்புவதற்குக் காரணம், நகலாக்கம், படியாக்கம், பிரதியெடுத்தல் ஆகியவை ஒன்றுக்கொன்று ஈடாக வழங்கப்படுவதே. இரட்டித்தலும் நகல், படியும் நகல், குளோனிங்கும் நகல். பெருந்தொற்றுக் காலத்தில் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி உடலின் மரபணுவை மாற்றிவிடும் என்ற அச்சம் பரவியது. படி என்பது மூலச்சுவடி அன்று, படித்துவிட்டுக் கிழித்தெறியப்படும் தாள், அது உட்கருவிலிருக்கும் மூலத்துக்குள் நுழைவதில்லை என்னும் விடையை இம்முப்பிரிவைக் கொண்டு இரண்டு வாக்கியங்களில் சொல்லியிருக்க இயலும்.

உருவகத்தின் எல்லையையும் குறித்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கிறார், ரைபோசோம் தேர்வதில்லை. 64 மூன்றெழுத்துக் கோவைகளுள் 61 அமினோ அமிலங்களையும் 3 நிறுத்தத்தையும் குறிக்கும் அகராதி அதற்கு முன்பே கொடுக்கப்பட்டுள்ளது. அவ்வகராதியைக் கண்டறிந்தமைக்காக ஹர் கோவிந்த் குரானா 1968-இலும், ரைபோசோமின் அமைப்பை விளக்கியமைக்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009-இலும் பிறரோடு நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அந்த ரைபோசோமுக்குத் தமிழகத்திலும் இலங்கையிலும் இன்னும் ஒரே எழுத்துக்கூட்டல்கூட அமையவில்லை.

விகாரம், திரிபு, போலி

படியெடுக்கையில் பிழை நேர்வது போலவே இரட்டித்தலிலும் நேர்கிறது. அதற்குத் தமிழகப் பாடநூல்கள் வழங்கும் ‘திடீர் மாற்றம்’, ‘சடுதி மாற்றம்’ ஆகியவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹியூகோ டி விரீஸ் முன்வைத்த கொள்கையின் எச்சங்கள். புதிய இனங்கள் திடீரெனத் தோன்றுகின்றன என்றார் அவர். அக்கொள்கை மறைந்தது, ‘திடீர்’ மட்டும் தமிழில் தங்கிவிட்டது. ஓர் எழுத்து மாறுவதில் திடீரென்பது ஒன்றுமில்லை. பெருந்தொற்றின்போது வந்த ‘உருமாறிய வைரஸ்’ என்பதும் தவறான இடத்தையே சுட்டியது. அடிப்படையில் மாறியவை எழுத்துகள்.

இலங்கை வழக்கு இதனை ‘விகாரம்’ என்கிறது. தமிழகத்தார் செவிக்கு அது அருவருப்பைக் குறிப்பதால் ஏற்கத் தயங்குவர். ஆனால் இலக்கணம் பயின்றவர்க்கு அது வேறொன்றையும் நினைவூட்ட வேண்டும். நன்னூல் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. ஓர் எழுத்து புதிதாக வருதல், ஓர் எழுத்து வேறாதல், ஓர் எழுத்து நீங்குதல். டி.என்.ஏ.யில் ஓரெழுத்து அளவில் நேரும் விகாரங்களும் இம்மூன்றே. வரையறுக்கப்பட்ட எழுத்துகளின் வரிசை எங்கிருந்தாலும் அதில் நேரக்கூடிய மாற்றங்களின் வகை இவ்வளவுதான் என்பதால் இப்பொருத்தம் அமைகிறது. முன்னோர் மூலக்கூற்று உயிரியலை அறிந்திருந்தனர் என்று இதற்குப் பொருள் கொள்வது ஆய்வன்று.

மூன்றன் விளைவும் ஒன்றல்ல என்பதை மூன்றெழுத்துச் சொற்களாலான ஒரு தொடரைக் கொண்டு காட்டலாம். ‘மகன் மரம் நடும் இடம்’ என்பதில் முதற்சொல்லின் ஈறு திரிந்து ‘மகள் மரம் நடும் இடம்’ என்றானால் ஒரு சொல்லின் பொருள் மாறுகிறது, ஏனையவை நிலைத்துள்ளன. முதற்சொல்லின் ககரம் கெட்டதாகக் கொண்டு, மும்மூன்றாகவே வாசிப்பைத் தொடர்ந்தால், ‘மன்ம ரம்ந டும்இ டம்’ என்றாகிறது. அவ்விடத்துக்குப் பின் எதுவும் எஞ்சவில்லை. கெடுதலும் தோன்றலும் பெரும்பாலும் திரிதலினும் கொடியனவாக அமைவதன் காரணம் இது. புரதத்தை ஆக்கும் பகுதியில் மூன்றெழுத்துகள் சேர்ந்து நீங்கும்போது பல வேளைகளில் கேடு குறைவாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

‘மரம்’ என்பது ‘மரன்’ என்றானால் என்ன நேர்கிறது? எழுத்து மாறியது, பொருள் மாறவில்லை. இலக்கணம் இதனைப் போலி என்னும். ஈற்றில் நிகழ்வதால் இறுதிப்போலி. மரபுக் குறியீட்டிலும் ஒரே அமினோ அமிலத்தைக் குறிக்கும் கோவைகள் பல உண்டு. அவை பெரும்பாலும் மூன்றாம் எழுத்திலேயே வேறுபடுகின்றன. புரதத்தை மாற்றாத இவ்வகை விகாரத்தை ‘அமைதியான விகாரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும் ‘போலி விகாரம்’ என்பது தமிழ் மாணவருக்கு விரைந்து விளங்கும். போலி என்பதன் இன்றைய பொருளான பொய்ம்மை குறுக்கிடும் என்னும் தடை நேரியதே. இலக்கண வகுப்பில் அத்தடையைக் கடந்த மாணவர் உயிரியல் வகுப்பிலும் கடப்பர்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஊடகங்கள் சில ‘ஒமைக்ரான் திரிபு’ என்று எழுதின. விகாரங்கள் பல சேர்ந்து வேறுபட்டு நிற்கும் வகையைத் திரிபு என்றும், ஒவ்வோர் எழுத்து மாற்றத்தையும் விகாரம் என்றும் கொள்ளின், இரண்டும் பிரிந்து நிற்கும். இரு நாட்டு வழக்கும் தனித்தனியே கண்டவை இவை. இணைத்துக்கொள்வதற்கு இலக்கணத் தடை ஏதுமில்லை.

கடத்தி என்னும் சொல்

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை ஆக்கும் மரபணுவில் ஓரெழுத்து திரிவதால், ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் அமர்கிறது. அதன் விளைவு அரிவாள் செல் சோகை. நீலகிரிப் பழங்குடியினரிடம் இம்மரபுக் கூறு இருப்பது 1952-இலேயே பதிவாகியுள்ளது. திரிந்த மரபணு ஒன்றையும் இயல்பான ஒன்றையும் கொண்டவர் பொதுவாக நோயின்றி வாழ்வார். பெற்றோர் இருவரும் அத்தகையோராயின் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இத்தகையோரைத் தமிழகப் பாடநூல் வழக்கு ‘கடத்தி’ என்கிறது, இலங்கையில் ‘காவி’. மலேரியாவைப் பரப்பும் கொசுவுக்கும் ‘நோய்க்கடத்தி’ என்றே பெயர். மின்சாரம் பாயும் செம்பும் கடத்தி. பொருளை மறைத்துக் கொண்டுசெல்பவரைக் குறிக்கவும் இவ்வேர்ச்சொல் பயில்கிறது. நோயற்ற ஒரு பெண்ணிடம் ‘நீங்கள் இந்நோயின் கடத்தி’ என்று கூறினால், தம்மோடு உண்பவர்க்கும் உறங்குபவர்க்கும் அது தொற்றும் என்று அவர் விளங்கிக்கொள்வதில் அவர் பிழை ஏதுமில்லை. திருமணத்துக்கு முந்தைய ஆலோசனையிலும் கருவுற்ற காலத்திலும் இச்சொல்லே பயன்படுமாயின், நான்கில் ஒன்று என்னும் கணக்கு அவர் செவியில் ஏறுமுன் பழி ஏறிவிடும். கொசுவும் தாயும் ஒரே சொல்லைப் பகிர்வது இடப்பற்றாக்குறையால் நேர்ந்ததன்று. பிரித்துக் காட்ட வேண்டும் என்னும் கவனம் இல்லாமையால் நேர்ந்தது.

‘தாங்கி’ என்னும் சொல் தமிழில் ஆயத்தமாக உள்ளது. தாங்குவது சுமக்கும், பரப்பாது. வழியோரச் சுமைதாங்கியை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. கொசுவுக்குக் ‘கடத்தி’யை விட்டுவிட்டு, மரபியலில் ‘மரபுத்தாங்கி’ எனக் கொள்வதற்குப் பாடநூலில் மாற்ற வேண்டியது ஒரு சொல். மருத்துவமனைத் துண்டறிக்கையில் ஒரு வரி.